ஹலால் முத்திரை மட்டும் போதுமா?

(தென்காசியில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையில் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது என்ன? ஹலால் முத்திரை. அடுத்ததாக, 471 என்ற எண் இருக்கிறதா, இருந்தால் அது மிருகக் கொழுப்பா, தாவரக் கொழுப்பா என்று ஆலிம்களிடம் விசாரிக்கிறார்கள். பாராட்ட வேண்டிய பேணுதல்தான். ஆனால், அந்த முத்திரை இருந்துவிட்டால் உள்ளே இருப்பது எதுவானாலும் உடலுக்கு நல்லதாகி விடுமா?

திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் 168ஆம் வசனத்தில் மனித குலம் முழுவதையும் அழைத்து உணவைப் பற்றிப் பேசுகிறது. அங்கே 'ஹலால்' என்ற சொல்லோடு நிறுத்திவிடவில்லை. 'தய்யிப்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது. நாம் முதல் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவது சொல்லைக் கை நழுவ விட்டுவிட்டோம்!

சல்லடை இல்லாத வீடு

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் சலித்தெடுத்த வெள்ளை மாவு சாப்பிட்டதுண்டா என்று கேட்கப்பட்டது. அவர்கள் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் உங்களிடம் சல்லடைகள் இருந்தனவா என்றும் கேட்டார்கள். இல்லை, வாற்கோதுமையை அரைத்து ஊதுவோம், பறக்கிற உமி பறக்கும், மிச்சத்தைப் பிசைந்துகொள்வோம் என்று சொன்னார்கள். புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி இது.

இன்றைய ஆலை என்ன செய்கிறது? கோதுமையின் தவிட்டை நீக்குகிறது; முளையை நீக்குகிறது. நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் அவற்றோடு போய்விடுகின்றன. மிஞ்சுகிற வெள்ளை மாவுக்குப் பெயர் மைதா. அது வயிற்றில் விரைவாகச் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் பார்டர் பரோட்டாவுக்கு எங்கிருந்தெல்லாம் கூட்டம் வருகிறது! அதை ஹராம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சீசனுக்கு வருகிறவர் வருடத்தில் ஒருநாள் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேருகிறார். உள்ளூர் இளைஞனோ இரவு பத்து மணிக்கு, வாரத்தில் நாலைந்து நாள், அதே இலைக்கு முன்னால் உட்காருகிறான். விருந்தாளியின் உணவை அன்றாட உணவாக்கிக் கொண்டவர்கள் நாம்தான்!

விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்கிறது. உணவு ஒன்று மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது; ஆனால் முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. கடையநல்லூரிலும் வடகரையிலும் எத்தனை வீடுகளில் வளைகுடா வெயிலில் சம்பாதித்த காசு மருந்துக் கடைக்குப் போகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

எதைத் தவிர்ப்பது?

பதப்படுத்துவது எல்லாமே தீமையல்ல. தயிரும் கருவாடும் இட்லி மாவும்கூடப் பதப்படுத்தியவைதாம். பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மான்டெய்ரோ 2009 முதல் வலியுறுத்தி வரும் பகுப்பு நமக்கு உதவும். நம் அடுப்படியில் காணக் கிடைக்காத சுவையூட்டி, நிறமூட்டி, குழம்பாக்கி போன்றவற்றைச் சேர்த்து ஆலையில் உருவாக்கும் பண்டங்களை அவர் தனி வகையாகப் பிரித்தார்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரண்டு வாரம் இத்தகைய ஆலைப் பண்டங்கள், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்தின் அளவு ஒன்றே. விரும்பிய அளவு உண்ணலாம். ஆலைப் பண்டம் தின்ற நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். தின்னத் தின்ன நிறுத்த முடியாத பண்டம் அது!

இளைஞர்களே! 471ஐத் தேடும் அதே கண்ணால் முழுப் பட்டியலையும் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் நின்றால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2017 தந்த பாடம்

வணிகப் பெருமக்களே! ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விதித்திருந்த தடை, புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளே நீங்கியது. கொதிப்பு நியாயமானது. ஆனால் காலியான இடத்தில் நாம் எதை வைத்தோம்? பல கடைகளில் உள்நாட்டுக் கம்பெனியின் கலர் பாட்டிலை! சில காலம் கழித்துப் பழைய பாட்டிலும் திரும்பி வந்துவிட்டது. 2023இல் பலஸ்தீன மக்களுக்காக மீண்டும் புறக்கணிப்புக் குரல் எழுந்தபோதும் இதே கதைதான்.

சர்க்கரைக்கு ஏது தாய்நாடு? ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரையுள்ள பானத்தில் ஒரு 250 மில்லி பாட்டிலே அந்த அளவைத் தீர்த்துவிடும். யாருடைய பாட்டில் என்று கேட்ட நாம், பாட்டிலுக்குள் என்ன என்று கேட்கவில்லை.

கடைக்காரர் கையில்

"பாக்கெட் ஆறு மாதம் கெடாது, கொய்யா மூன்று நாளில் அழுகிவிடும், நஷ்டத்தை யார் தாங்குவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்பெனி கொடுத்த பிரிட்ஜில் வேறு பொருள் வைத்தால் ஏஜென்ட் முகம் சுளிப்பதும் உண்மை. கடை முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு தட்டை மாற்றுங்கள்!

புளியங்குடி எலுமிச்சை நமக்குப் பக்கத்தில். கோடையில் நுங்கும் பதநீரும். சாரல் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும். பொரிகடலையும் வறுத்த கடலையும் எளிதில் கெடாது. அவற்றைப் பிள்ளையின் கண்மட்டத்தில் வையுங்கள். சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை உள்ளே தள்ளுங்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி. ஏழையும் செல்வந்தரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடிக்கும் நல்ல உணவு. அதன் பக்கத்திலேயே சிவப்புச் சாயச் சர்பத்தையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குவித்து வைத்தது யார்? இனி நம் கூட்டங்களிலும் வலீமாவிலும் பாட்டிலுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு, பாக்கெட்டுக்குப் பதில் சுண்டல் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் முடிவெடுக்கட்டும். செலவும் குறையும்.

விற்கும் பொருளில் மறைவான குறையிருந்தால் சொல்லி விற்க வேண்டும் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. வாங்க வருவது பக்கத்து வீட்டுக் குழந்தை என்றால் நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது. நாளைக் காலை கடை திறக்கும்போது ஒரு தட்டு. இன்றிரவு வீட்டில் ஒருவேளை உணவு. அங்கிருந்து தொடங்குங்கள். ஹலாலானதையும் தய்யிபானதையும் சேர்த்தே உண்ணவும் விற்கவும் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!