பணம் திரும்பிவிட்டால் வழக்கு தீர்ந்ததா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆள் கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் என்ன வருகிறது? வாயில் துணியை அடைத்து, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிற காட்சிதான் வருகிறது. அப்படியும் நடக்கிறது. ஆனால் இன்று கடத்தப்படுகிறவர்களில் பலர் சிரித்த முகத்தோடு போகிறார்கள். தாய் துஆ செய்து அனுப்புகிறார், தெருவே வந்து வழியனுப்புகிறது, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். தாம் விற்கப்பட்டது போய் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது!

எப்படி என்று கேட்பீர்கள். ஓட்டுநர் வேலை என்று சொல்லி அனுப்பப்பட்டவர் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று சொல்லப்பட்ட பெண், கத்தமா விசாவில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்படுகிறார். பாஸ்போர்ட் முதலாளி கையில். சம்பளம் இல்லை. திரும்பிப் போகிறேன் என்றால், உனக்காக நான் கட்டிய பணத்தை வைத்துவிட்டுப் போ என்கிறார்கள். இதை விதி என்று சொல்லிக் கடந்துபோகிறோம். இது விதியல்ல சகோதரர்களே, குற்றம்! சட்டத்தில் பெயரும் பிரிவும் உள்ள குற்றம்!

படித்தவர்களும் சிக்கினார்கள்

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். 2022-ஆம் ஆண்டு தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று விளம்பரம் செய்தார்கள். நம்பிப் போன பட்டதாரிகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டு போனார்கள். அங்கே கொடுத்த வேலை என்ன? இணையத்தில் அப்பாவிகளிடம் ஆசை வார்த்தை பேசிப் பணம் பறிப்பது. மறுத்தவர்களுக்கு அடி, மின்சார அதிர்ச்சி. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதோடு முடிந்ததா? 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை இரண்டு நாட்களில் விமானப் படை விமானங்களில் ஏற்றி வரவேண்டிய நிலை வந்தது. மூன்று ஆண்டுகளாகியும் அந்தக் கடை மூடப்படவில்லை என்றுதானே இதற்குப் பொருள்?

சட்டம் இல்லையா?

இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், தீர்ப்பளித்தது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு திருத்தி எழுதப்பட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவாக இருக்கிறது.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஆள் சேர்ப்பவன், கொண்டு செல்பவன், தங்க வைப்பவன், கைமாற்றுபவன், பெற்றுக்கொள்பவன் எல்லோரும் குற்றவாளிகள். தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் பத்து ஆண்டு. ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்தினால் பத்து ஆண்டு முதல் ஆயுள் வரை. இன்னொரு முக்கியமான வாசகம் உண்டு. கடத்தப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல. 'அவனாகத்தானே போனான்' என்று ஏஜெண்ட் தப்பிக்க முடியாது!

இவ்வளவு சட்டம் இருந்தும் 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஆள் கடத்தல் என்று பதிவான வழக்குகள் எத்தனை தெரியுமா? 2,250! நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் இவ்வளவுதான். குற்றம் குறைவு என்பதல்ல காரணம். குற்றத்தை அதன் பெயரால் எழுதுவது குறைவு.

420-ல் புதைக்கப்படும் வழக்கு

பாதிக்கப்பட்டவரின் தந்தை காவல் நிலையம் போகிறார். 'ஏஜெண்ட் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு என் மகனை ஏமாற்றிவிட்டார்' என்று எழுதிக் கொடுக்கிறார். அவருக்குத் தெரிந்தது அதுதான். நிலையத்தில் அதை மோசடி என்று பதிவு செய்கிறார்கள். முன்பு நாம் 420 என்று சொன்ன பிரிவு. இங்கேதான் வழக்கின் முதுகெலும்பு ஒடிகிறது.

ஏன்? மோசடி வழக்கு, நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக் கூடிய வழக்கு. ஆள் கடத்தல் வழக்கு சமரசத்திற்கு உட்படாதது. விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்கித் தராமல் போனால் அது மோசடி. ஆளை அனுப்பி, அங்கே அடைத்து வைத்து வேலை வாங்க வழிசெய்தால் அது கடத்தல். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் போனது பணம். இரண்டாவதில் போனது மனிதனின் சுதந்திரம்.

மோசடி என்று எழுதியதும் ஏஜெண்ட் நிம்மதியடைகிறார். பெரியவர்கள் நான்கு பேரைப் பிடிக்கிறார். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒன்றரை லட்சம் தருகிறேன், வழக்கை வாபஸ் வாங்கு என்கிறார். கடன்பட்ட குடும்பம், வந்தவரை லாபம் என்று கையெழுத்துப் போடுகிறது. அடுத்த மாதம் அதே ஏஜெண்ட் பக்கத்து ஊரில் ஆள் எடுக்கிறார்! நாம் செய்தது பஞ்சாயத்தா, அவருக்கு லைசென்ஸ் புதுப்பித்துக் கொடுத்ததா? சிந்தித்துப் பாருங்கள். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்பவன் இறைவனையே எதிராளியாக்கிக் கொள்கிறான் என்பது நாம் அறிந்த போதனை. அந்தக் கிரயத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததும் அவரை மன்னித்துவிட நாம் யார்?

சட்டத்தின் ஓட்டைகள்

பழி முழுவதும் நம்மீது மட்டும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ஆள் எடுப்பது குற்றம் என்கிறது. நல்லது. ஆனால் அபராதம்? அதிகபட்சம் இரண்டாயிரம் ரூபாய்! சிறைத் தண்டனை இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லை. லட்சக்கணக்கில் வசூலிக்கிறவருக்கு இரண்டாயிரம் ரூபாய் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு.

அடுத்து, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். தேறியவர்களுக்கு வேண்டாம். சுற்றுலா விசாவில் போகிறவர் தாளின்படி தொழிலாளியே அல்ல. மியான்மர் வலைக்குள் பட்டதாரிகள் தடையில்லாமல் போய் விழுந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னொன்று. 143-வது பிரிவு, சுரண்டல் எது என்று விளக்கும் இடத்தில் அடிமைத்தனம், பாலியல் சுரண்டல், பிச்சை எடுக்க வைத்தல், உறுப்பு எடுத்தல் ஆகியவற்றைச் சொல்கிறது. கட்டாய உழைப்பு என்ற சொல்லை வெளிப்படையாக எழுதவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட இது போதாதா? மீட்பையும் மறுவாழ்வையும் சேர்த்து ஒரு முழுமையான மசோதா 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்குப் போகாமல் 2019-ல் காலாவதியானது. 2021-ல் புதிய வரைவு வந்தது. அதுவும் வரைவாகவே நின்றது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கட்டாய உழைப்பு என்ற சொல் சட்டத்தில் ஏற வேண்டும். பதிவில்லாத ஏஜெண்டுக்கு, அவர் வசூலித்த தொகையோடு பொருந்துகிற அபராதம் வேண்டும். ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுகளுக்குத் தனிக் காவலர்கள் வேண்டும், வேறு பணிக்கு இழுக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஏழைச் சாட்சிக்கும் எட்ட வேண்டும். நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இவற்றை எழுத்தில் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது பதிலையும் கேளுங்கள்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் கடைகளிலும் பட்டறைகளிலும் தரகர் கொண்டுவந்து விட்ட வடமாநிலப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். தரகரிடம் முன்பணம் கொடுத்து, பையனின் அடையாள அட்டையை வாங்கிப் பெட்டியில் பூட்டி, கடன் தீரும்வரை ஊருக்குப் போகாதே என்று சொல்கிற கடை நம் தெருவிலும் இருக்கலாம். ரியாத்தில் நம் பிள்ளைக்கு நடந்தால் கொடுமை, நம் கடையில் ஊரார் பிள்ளைக்கு நடந்தால் நிர்வாகமா? கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பதும் குற்றம். இவற்றை நாமே நிறுத்தாமல் அரசிடம் நியாயம் கேட்க நமக்கு எந்த முகம் இருக்கிறது?

இளைஞர்களே, நீங்கள் செய்ய வேண்டியது

புறப்படும் முன் ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. விசாரிக்கக் காசு கேட்க மாட்டார்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கொடுத்தால் அதுவே பின்னால் சாட்சி. சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறேன் என்றால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.

தவறு நடந்துவிட்டதா? புகாரில் பணக் கணக்கை மட்டும் எழுதாதீர்கள். என்ன வேலை என்று சொன்னார்கள், என்ன வேலை வாங்கினார்கள், பாஸ்போர்ட்டைப் பறித்தார்களா, அடைத்து வைத்தார்களா, அடித்தார்களா என்று வரிசையாக எழுதுங்கள். 143-வது பிரிவில் பதிவு செய்யக் கேளுங்கள். இது எங்கள் எல்லையல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்த குற்றமானாலும் முதல் தகவலைப் பதிய வேண்டும் என்பது சட்டம். குடியேற்றச் சட்ட வழக்குக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டுமே என்று யாராவது தயங்கினால், போனவரோ அவருடைய பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? மனித வணிகத்தால் பாதிக்கப்பட்டவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாகவே தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். இழப்பீடும் அங்கேயே கேட்கலாம்.

ஜமாஅத் பெரியவர்களே! இத்தகைய வழக்கு உங்கள் முன் வந்தால் தொகை பேசாதீர்கள். அந்தக் குடும்பத்தின் கடனுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். அவசரக் கடன்தான் அவர்களைச் சமரசத்துக்குத் தள்ளுகிறது. பிறகு அவர்கள் கையைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓர் ஊரில் ஒரு ஏஜெண்ட் ஏழு ஆண்டு சிறைக்குப் போனால், பத்து ஊரில் ஆள் எடுப்பவர்களின் கை நடுங்கும். அந்த ஊர் நம் ஊராக இருக்கட்டும்.