கண்ணுள்ள கார்கள்



எனது வீட்டில் ஒரு புத்தக அலுமாரி உண்டு. அதன் மேல் மூன்று தட்டுகளிலும் தொல்காப்பிய உரைகள், நன்னூல் உரைகள், சங்க நூற் பதிப்புகள் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு போட்ட கீழ்த் தட்டில் எண்பத்து மூன்று விளையாட்டுக் கார்கள் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் கண்ணும் வாயும் உண்டு. வீட்டுக்கு வரும் சக ஆசிரியர்கள் மேல் தட்டைப் பார்த்து மதிப்புக் கொள்வார்கள். கீழ்த் தட்டைப் பார்த்ததும், “மகன்ரையோ?” என்று கேட்பார்கள். நானும் பல வருடங்களாக “ஓம்” என்றே சொல்லி வந்தேன். அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. அவற்றுள் நான்கு மகனுடையவை. எழுபத்தொன்பது என்னுடையவை.

நாற்பது வயதைக் கடந்த ஒரு தமிழாசிரியனுக்கு இப்பொருட்களோடு என்ன தொடர்பு, இலக்கிய நிகழ்ச்சியொன்றில் இவற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயமே. வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் கற்பிக்கும் ஒரு சிறு இலக்கணச் செய்தியை இந்தக் கார்களிடமிருந்துதான் உண்மையில் விளங்கிக்கொண்டேன். அதைச் சொல்வதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் கார்களைப் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ‘கார்ஸ்’ என்றொரு அசைவூட்டப் படத்தை வெளியிட்டது. நெறியாளர் ஜோன் லசெற்றர். அப்படத்தின் உலகில் மனிதர்களே இல்லை. காரும் லொறியும் போன்ற வாகனங்களே அங்கு பேசுகின்றன, சிரிக்கின்றன, நட்புக் கொள்கின்றன. 2011இலும் 2017இலும் அடுத்த இரு பாகங்களும் வந்தன. அந்தப் பாத்திரங்களை மட்டெல் நிறுவனம் ஒன்றுக்கு ஐம்பத்தைந்து என்ற அளவில், துத்தநாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்து, உள்ளங்கையில் அடங்கும் கார்களாகச் செய்து விற்று வருகிறது. நான் சேர்ப்பவை இவைதான்.

விளையாட்டுக் கார் புதியதொன்றன்று. 1953இல் லண்டனில் லெஸ்னி நிறுவனம் தொடங்கிய ‘மச்பொக்ஸ்’ கார்களுக்கு ஓர் அழகான பிறப்புக் கதை உண்டு. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே பாடசாலைக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு சிறுமியின் பாடசாலையில் விதி இருந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஜக் ஓடெல் என்ற அவளது தந்தை, தீப்பெட்டியில் அடங்கும் ஒரு வீதி உருளையைச் செய்து கொடுத்தார். அதிலிருந்தே அந்தக் கார்களின் வம்சம் தொடங்கியது. 1968இல் மட்டெலின் ‘ஹொட் வீல்ஸ்’ வந்தது. ஆனால் அவையெல்லாம் முகமில்லாத கார்கள். உண்மைக் காரின் சிறு பிரதிகள்.

‘கார்ஸ்’ படத்தின் கார்களுக்குக் கண் வைக்க வேண்டி வந்தபோது, அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. முன்விளக்குகளே கண்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். இப்படத்தைச் செய்தவர்கள் முன் கண்ணாடியைக் கண்களாக்கினார்கள். 1952இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட, சூசி என்ற சிறு நீலக் காரைப் பற்றிய குறும்படத்திலும் கண்கள் முன் கண்ணாடியிலேயே இருந்தன. விளக்கில் கண்ணை வைத்தால் கார் பாம்பு போலவோ தவளை போலவோ தோன்றும். கண்ணாடியில் வைத்தால் கண்ணுக்கும் வாய்க்கும் இடையே ஓர் அகன்ற முகம் உண்டாகிறது. அந்த முகத்தில் நாணம், கர்வம், களைப்பு எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது.

படத்தில் கண் அசையும். பொம்மையில் அசையாது. அச்சிட்ட கண் ஒரு கணத்தின் பார்வையை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே, ஒரே பாத்திரத்தைப் பல தடவை வார்க்க வேண்டியிருக்கிறது. கதாநாயகனான லைட்னிங் மக்குவீன் என்ற 95ஆம் இலக்கச் சிவப்புக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கை நீட்டிய மக்குவீன், கள்ளிப் பற்றைக்குள் விழுந்து முட்கள் ஒட்டிய மக்குவீன் என்று அவன் ஒருவனே பலராக வருகிறான். றாமோன் என்ற 1959ஆம் ஆண்டு இம்பாலா காருக்குத் தன் நிறத்தை அடிக்கடி மாற்றுவதே குணம். அதனால் அவனும் பல நிறங்களில் கடைக்கு வருகிறான். வியாபாரத் தந்திரம் இதில் உண்டு, மறுக்கவில்லை. எனினும் ஒரு பாத்திரத்தை அதன் ஒவ்வொரு மெய்ப்பாட்டிலும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு, மெய்ப்பாட்டியல் படித்தவனுக்கு ஒரு சுவையே.

படத்தின் கதையையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பந்தயக் காரான மக்குவீன், கலிபோர்னியாவில் நடக்கும் பந்தயத்துக்குப் போகும் வழியில் றேடியேற்றர் ஸ்பிறிங்ஸ் என்ற கைவிடப்பட்ட ஊரில் அகப்பட்டுக்கொள்கிறான். தான் பழுதாக்கிய வீதியைத் தானே திருத்தும் தண்டனை கிடைக்கிறது. ஊர் கற்பனைதான். அதன் துயரம் கற்பனையன்று. சிக்காகோவிலிருந்து கலிபோர்னியா வரை ஓடிய 66ஆம் இலக்க நெடுஞ்சாலை 1926இல் அமைந்தது. புதிய பெருந்தெருக்கள் வந்தபின் 1985இல் அது நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த கடைகளும் தங்குவிடுதிகளும் சிற்றூர்களும் வாடின. மேற்றர் என்ற துருப்பிடித்த இழுவை லொறிக்கு முன்மாதிரியான பழைய லொறி, அச்சாலையோரத்துக் கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூரான கலீனாவில் நின்றது.

அந்த ஊரில் டொக் ஹட்சன் என்றொரு கிழவர் இருக்கிறார். 1951ஆம் ஆண்டு ஹட்சன் ஹோர்னெற் கார். உண்மையிலும் ஹட்சன் ஹோர்னெற் கார்கள் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பந்தயங்களில் கொடி கட்டிப் பறந்தவை. 1954இல் அந்த நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தது. 1957உடன் ஹட்சன் என்ற பெயரே மறைந்தது. படத்திலும் டொக் மூன்று கிண்ணங்கள் வென்று, 1954இல் விபத்துக்குள்ளாகி, திரும்பி வந்தபோது இடமில்லை என்று ஒதுக்கப்பட்டவர். அவருக்குக் குரல் கொடுத்த நடிகர் போல் நியூமன் தாமும் கார்ப் பந்தயம் ஓடியவர். 2008இல் அவர் காலமானார். 2017இல் வந்த மூன்றாம் பாகத்தில், முன்பு பதிவு செய்து பயன்படுத்தாமல் விட்ட அவரது குரலைக் கொண்டே டொக் மறுபடியும் பேசினார்.

நேயர்களே, இந்தக் கிழவரிடம் நான் ஏன் மனதைப் பறிகொடுத்தேன் என்பதைச் சொல்ல, என் சிறுவயதுக்குப் போக வேண்டும். 1990இல் எனக்குப் பதினொரு வயது. வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்த காலம். பெற்றோல் இல்லை. மின்கலம் இல்லை. விளையாட்டுக் கார் என்பது யாருடைய நினைவிலும் இல்லை. இரண்டு பனங்காய்களைத் தடியில் கோத்து உருட்டிய பனங்காய் வண்டிலே எங்கள் கார். பெரியவர்களுக்கோ ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் இருந்தன. உலகம் எங்கும் பழைய இரும்புக்குப் போன அந்த 1950களின் கார்கள் எங்கள் ஒழுங்கைகளில் மண்ணெண்ணெயில் ஓடின. எனது பெரியப்பாவிடமும் ஓர் ஒஸ்ரின் இருந்தது. காலையில் காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு அதை எழுப்ப வேண்டும். எழும்பாத நாட்களில் பெரியப்பா சொல்வார்: “இண்டைக்கு அவன் வெளிக்கிடமாட்டான். கோவமாய் இருக்கிறான்.”

‘அவன்’ என்றார், கவனித்தீர்களா? அதையே நாங்கள் திணை வழுவமைதி என்று கற்பிக்கிறோம். மகிழ்ச்சியாலோ கோபத்தாலோ அஃறிணைப் பொருளை உயர்திணையாகச் சொன்னால் அது குற்றமாகாது என்று நன்னூலார் இடங்கொடுத்தார். வரும் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். பேசாத பொருளைப் பேசுவதாகச் சொல்லவும் இலக்கணம் இடங்கொடுக்கிறது. இருபது வருடங்களாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். மாணவரும் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகிறார்கள்.

விளையாட்டு வண்டி நமது இலக்கியத்துக்கும் புதியதன்று. பட்டினப்பாலையில், நெல்லைத் தின்னவரும் கோழிமீது பெண்கள் எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரை மறிக்கிறது. பிள்ளைத்தமிழில் சிறுதேருக்கென்றே ஒரு பருவம் உண்டு. எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருங்கியது குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் பாடிய ஒரு பாட்டு. தச்சன் செய்த சிறுவண்டியில் பிள்ளைகள் ஏறிப் போக முடியாது. ஆயினும் கையால் இழுத்தே இன்பமடைகிறார்கள். அதுபோலத் தலைவனோடு கூடிவாழும் பேறு இல்லாவிடினும், அவனது நட்பை வளர்த்தே நாங்கள் மகிழ்ந்திருக்கிறோம் என்கிறாள் தோழி. ஏறிப் போவது ஒரு நிலை, இழுத்து மகிழ்வது இன்னொரு நிலை. மூன்றாவது நிலையொன்றும் உண்டு. அதைக் கீரனார் அறியார். வாங்கிப் பூட்டி வைப்பது என்பதே அது.

2012இல் ரொறன்ரோவிலிருந்து எனது மாமா மகனுக்கு நான்கு கார்கள் அனுப்பினார். மகன் அவற்றை முற்றத்து மண்ணில் ஓட்டினான். கிணற்றுக்கட்டில் ஓட்டினான். சாப்பாட்டுக் கோப்பையைச் சுற்றி ஓட்டினான். மக்குவீனின் சிவப்பு உரிந்து உலோகம் தெரிந்தது. மகன் வளர்ந்தான், அவற்றை மறந்தான். நான் மறக்கவில்லை. ஐந்தாவதை நானே வாங்கினேன். பிறகு பட்டியல் வைத்தேன். சேகரிப்போர் உலகில் பெட்டி திறக்காத காருக்கே மதிப்பு என்பதைக் கற்றேன். 2007இல் ‘சார்ஜ்’ என்ற ஜீப் பொம்மையின் வர்ணத்தில் ஈயம் அளவு மீறியிருப்பது தெரிந்து, உலகெங்கும் 436,000 பொம்மைகளை மட்டெல் திரும்பப் பெற்றது. பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடிய நஞ்சு அது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ‘அப்படியானால் அது அரிதாகியிருக்குமே’ என்பதுதான். ஒரு தகப்பன், ஓர் ஆசிரியன் நினைக்கக்கூடிய நினைவா இது? இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டொக் ஹட்சனையும் பெட்டி திறக்காமலே வைத்திருந்தேன். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த அயல்வீட்டுப் பேரன், ஆறு வயதுப் பிள்ளை, அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தான். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தான். டொக்கிடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“மாமா, இவரை ஏன் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறியள்? என்ன பிழை செய்தவர்?”

“அது விலை கூடினது, தம்பி. திறந்தால் பெறுமதி போயிடும்” என்றேன்.

“அது இல்லை மாமா, அவர்” என்றான்.

நேயர்களே, நன்னூல் கற்பிக்கும் எனக்கு ஆறு வயதுப் பிள்ளை திணை திருத்தினான். ஆயினும் நான் கதவைத் திறக்கவில்லை. வேறொரு காரை, இரண்டு பிரதிகள் வைத்திருந்த ஒன்றை, எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கி மரியாதைக்குச் சிறிது உருட்டிவிட்டுத் திருப்பித் தந்தான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. படத்தின் கடைசிப் பந்தயக் காட்சி நினைவுக்கு வந்தது. வெற்றிக் கோட்டுக்கு ஓரடி முன்னால் மக்குவீன் நின்றுவிடுகிறான். பின்னால் நொறுங்கிக் கிடக்கும் மூத்த வீரரைத் திரும்பிப் போய்த் தள்ளிக்கொண்டு வந்து கோட்டைக் கடக்க வைக்கிறான். கிண்ணம் வேறொருவனுக்குப் போகிறது. டொக்குக்கு அன்று நடந்தது இவருக்கும் நடக்கக்கூடாது என்பதே அவன் எண்ணம். ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு கிழவருக்காக இரங்கும் கதையை எண்பத்து மூன்று துண்டுகளாக வாங்கி வைத்திருந்த நான், அதே கிழவரை மறுபடியும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

விடிய எழும்பிக் கத்தரிக்கோலால் பெட்டியை வெட்டினேன். டொக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போனேன். படலை சாத்தியிருந்தது. அதிகாலையே வான் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். வீதியில் சிறிது நேரம் நின்றேன். நீல நிறத்துக் கிழவர் என் உள்ளங்கையில் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

இன்று டொக் எனது மேசைமேல், திருத்தவேண்டிய கொப்பிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அலுமாரிக்குப் பூட்டு இல்லை. மாலையில் படிக்க வரும் பிள்ளைகளின் தம்பி, தங்கைகள் அவரை எடுத்து விறாந்தையில் ஓட்டுகிறார்கள். முன்பக்கத்தில் கொஞ்சம் வர்ணம் போய்விட்டது. சந்தையில் இனி அவருக்குப் பெறுமதி இல்லை. அயல்வீட்டுப் பேரன் அடுத்த முறை வரும்போது அவரைக் கேட்பானோ, அல்லது அந்த வயதைக் கடந்திருப்பானோ தெரியாது.

பொருளுக்கு முகம் வைப்பது ஓவியன் செய்யும் வேலை. அச்சில் வார்ப்பது தொழிற்சாலை செய்யும் வேலை. அதை ‘அவர்’ ஆக்குவதோ அதைக் கையால் இழுக்கும் பிள்ளை. பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு அழகான கண்ணிருந்தாலும் அது அஃறிணைதான். புத்தகத்துக்கும் இதே விதி பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஆகவே, மேல் தட்டுகளையும் இப்போது மாணவருக்குத் திறந்துவிட்டிருக்கிறேன்.