எண்ணிக்கையில் விடுபட்ட இனம்

(எண்ணூர்க் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு நாடு தன் மக்களை எதனைக் கொண்டு எண்ணுகிறதோ, அதனைக் கொண்டே அவர்தம் உரிமையையும் அளக்கிறது. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. பருமாவினின்று திரும்பிய தமிழர் குடியேறிய இவ்வூர்ப் பருமா நகரே சான்று.

1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பருமாவில் வாழ்ந்த இந்தியர் 10 இலக்கத்திற்கு மேற்பட்டவர். இரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டவரும் அவரே. ஐராவதிக் கழிமுகத்தில் கழனி திருத்திய தமிழரும், அரிசி ஆலைகளில் மூட்டை சுமந்த தமிழரும் அவருள் அடங்குவர். 1962-இல் ஆட்சியைப் பறித்த படைத்தலைவர் நெ வின், 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கினார். உழைத்தவர் வெறுங்கையராய்ச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

எஞ்சியோர் நிலை என்ன? 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்பே அங்கு வாழ்ந்த இனங்களையே மண்ணின் இனங்கள் என்றது. அவ்வரசு ஏற்ற 135 இனங்களுள் தமிழினம் இல்லை! 2014-ஆம் ஆண்டுக் கணக்கில் மதவாரித் தொகை வெளிவந்தது. புத்த மதத்தினர் ஏறத்தாழ 88 விழுக்காடு, கிறித்தவர் 6, இசுலாமியர் 4, இந்துக்கள் அரை விழுக்காடு. இனவாரித் தொகையோ வெளியிடப்பெறவில்லை. கோயில் செல்லும் தமிழன் ஒரு வரிசையில். பள்ளிவாசல் செல்லும் தமிழன் வேறு வரிசையில். தேவாலயம் செல்லும் தமிழன் மற்றொரு வரிசையில். தமிழன் என்னும் வரிசை மட்டும் இல்லை!

மதம் பிரித்தாரை மொழியே இணைக்கும். கணக்கெடுப்போர் உங்கள் வாயிலுக்கு வருங்கால், தாய்மொழி தமிழென்று தயங்காது எழுதச் செய்யுங்கள். அதற்கு முன், உங்கள் பிள்ளைகள் நாவில் அதனை வாழச் செய்யுங்கள். பேசப்பெறாத மொழியை எந்தக் கணக்கும் காவாது!