மாத்திரை வரவில்லை என்றால்



நூலக ஆண்டு விழா மேடையிலே மாத்திரையைப் பற்றிப் பிரசங்கம் எதற்கு என்று கேட்கிறவர்கள், நம் சென்னை வைத்திய நிபுணர்கள் முன்னின்று நடத்தி 2023-ஆம் ஆண்டில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தத் தேசத்திலே பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டென்று சொல்லியிருப்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும். 1948-இலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் இந்த வியாதிக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய நகரம் நம் சென்னை. தட்டுங்கள், அந்தப் பெயருக்குக் கை தட்டத்தான் வேண்டும்! அப்பேர்ப்பட்ட பாரம்பரியம் உடைய நாம், மருந்துக்கடைக்காரர் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் பாருங்கள்" என்று சொன்னவுடனே செய்வதறியாமல் திகைத்து நிற்கலாமா?

நாம் விழுங்கும் சர்க்கரை மாத்திரைகளில் பல, அரிசியையும் பருப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டியது போல, இரண்டு மூன்று ஔஷதங்கள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். மூட்டை வரவில்லை என்பதனால் அரிசியே ஊரில் இல்லை என்று ஆகிவிடாது. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த அட்டை கிடைக்காத நாளில், அவ்விரண்டும் தனித்தனியே பெரும்பாலும் கிடைக்கும். மத்திய அரசாங்கத்தின் 2022-ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இவை தனித்தனியாகத்தான் இடம்பெற்றிருக்கின்றன.

ஆனால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அந்தக் கூட்டு மாத்திரையில் எம்-2 என்று போட்டது இல்லையென்றால் எம்-1 இரண்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். கிளிமிபிரைடு இரண்டு மில்லிகிராம் ஆகிறதென்று கணக்குப் பார்த்தவர்கள், உடன் இருக்கும் மெட்பார்மின் 500 என்பது 1000 ஆகிவிடுவதைப் பார்ப்பதில்லை. எஸ்.ஆர். என்று போட்ட மாத்திரையை, மெல்லக் கரைவதற்கென்றே செய்யப்பட்டதை, நசுக்கிப் பொடியாக்கி விழுங்குகிறவர்களும் உண்டு. இன்சுலின் பேனாவுக்குப் பதில் குப்பி வாங்க நேர்ந்தவர்களோ, 30/70 கலப்பு இரண்டிலும் ஒன்றுதானே என்று எண்ணி, நம் நாட்டுக் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100 யூனிட் என்ற பேதத்தையும், அந்த 40 யூனிட் குப்பிக்கு அதற்குரிய 40-ஆம் நம்பர் சிரிஞ்சுதான் வேண்டும் என்பதையும் அறியாமல் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்திலே ஒரு மருந்தாளுநரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக என் மனம் ஒப்பவில்லை. பெயர் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளை அரசாங்கம் தடை செய்தது. கிளிமிபிரைடு, பையோகிளிட்டசோன், மெட்பார்மின் மூன்றும் கலந்த சில மாத்திரைகளும் அவற்றுள் அடங்கும். தடை தவறென்று நான் வாதாட வரவில்லை. நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னது அது. ஆனால் தடைச் செய்தி பத்திரிகைக்கு வந்த வேகத்தில், அடுத்து எதைச் சாப்பிடுவது என்ற செய்தி ஏழை வீட்டுக்கு வரவில்லையே! தறி ஓட்டும் ஓர் அம்மாள், மாத்திரை நின்றுபோய், தாகமும் தளர்ச்சியுமாகக் கடை கடையாக அலைந்து, கடைசியில் இந்த மருந்தாளுநரிடம் வந்து வெறும் அட்டையை நீட்டினார். அவர் 'இல்லை' என்று சொல்லவில்லை. அட்டையைத் திருப்பி, பின்புறத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, மூன்று மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, "இதை டாக்டரிடம் காட்டு அம்மா, அவர் பார்த்து வேறு எழுதித் தருவார், நீயாக எதுவும் கூட்டாதே, குறைக்காதே" என்றார். அன்று மாலையே அந்த அம்மாளுக்கு மருந்து கிடைத்தது. இந்தக் கரகோஷம் எனக்கு வேண்டாம். அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும்!

இதே வேளையில், சென்ற மாதம் வேறொரு மேடையிலே, "மாத்திரையை விட்டெறியுங்கள், எங்கள் பொடியைத் தின்னுங்கள்" என்று முழங்கினார்களே சிலர், அவர்களை நான் சும்மா விடப்போவதில்லை. 1922-இல் டொரொண்டோவிலே ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த வியாதி கண்ட குழந்தைகளுக்குப் பட்டினிப் பத்தியத்தைத் தவிர நிவாரணம் இருந்ததா? மூலிகை என்று பெருமை பேசுகிறார்களே, மெட்பார்மினின் பூர்வோத்திரமே ஐரோப்பாவின் ஒரு செடிதான். அதிலிருந்த சத்தின் வழியே ஆராய்ந்து, விஷத்தையும் குணத்தையும் பிரித்தறிந்து, 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். மருந்துத் தட்டுப்பாட்டு நாளில் தவிக்கிறவனிடம் பொடி விற்பது மகாபாதகம் ஐயா, மகாபாதகம்!

ஆனால் அவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? மருந்துச் சீட்டிலே கம்பெனிப் பெயரை மட்டும் கிறுக்கித் தரும் பழக்கம். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டுமென்று மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதி செய்துவிட்டது. எத்தனை சீட்டில் அதைக் காண்கிறோம்? மூலப்பெயர் தெரிந்தவனுக்கு வழி பல உண்டு. சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மருந்தின் காப்புரிமை முடிந்த 2022-இலே, அதனோடு மெட்பார்மின் சேர்ந்த பத்து மாத்திரை மக்கள் மருந்தகத்தில் 65 ரூபாய்க்கு வந்தது. கம்பெனிப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு அது கண்முன் இருந்தும் இல்லாததே.

ஆகவே, தாய்மார்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதிலுள்ள மருந்துகளின் பெயரையும் மில்லிகிராமையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், எஸ்.ஆர். என்று இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். கடைசி மாத்திரை வரை காத்திராமல், பத்து நாளைக்கு இருக்கும்போதே கடைக்குப் போங்கள். இல்லையென்று சொன்னால் அந்தக் காகிதத்தோடு டாக்டரிடமோ அரசு ஆஸ்பத்திரிக்கோ செல்லுங்கள். அடுத்த முறை சீட்டு எழுதும் டாக்டரிடம், "ஐயா, மூலப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.