பிள்ளையார் வகுப்புக்கு வந்தார்



இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவர்களுக்குச் சமய பாடம் என்றதும் கேள்வியும் பதிலுமான புத்தகம்தான் நினைவுக்கு வரும். ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சைவ வினாவிடை அதில் பேர்போனது. கேள்வி பெரியவருடையது, பதிலும் பெரியவருடையது. பிள்ளைக்கு மிஞ்சியது ஒப்பிக்கும் வேலை. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, மற்றவருக்கு அவரவர் சமயம் என்று வகுப்பும் பிரிந்துபோகும்.

இங்கிலாந்தில் அப்படியல்ல. 1944 கல்விச் சட்டம் சமய பாடத்தைக் கட்டாயமாக்கியது. 1988 கல்விச் சட்டம், கிறிஸ்தவத்தோடு நாட்டின் மற்றப் பெரிய சமயங்களையும் பாடத்திட்டம் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. விரும்பாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். ஆக, குமரனும் பாத்திமாவும் மேரியும் ஒரே கம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒப்பித்தல் எடுபடுமா?

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரிம்மிட், ஜான் ஹல் குழுவினர் 1991இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். சமயத்தின் வரலாறு முழுவதையும் குழந்தை தலையில் ஏற்றாமல், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வது. அவர்கள் எடுத்தவற்றில் முஸ்லிம்களின் பாங்கோசை உண்டு, பைபிளில் வரும் யோனாவின் கதை உண்டு, நம்முடைய பிள்ளையாரும் உண்டு.

உருவம் வகுப்புக்கு வரும். தும்பிக்கை, தொந்தி, காலடியில் எலி. விளக்கம் எதுவும் முந்திக்கொள்ளாது. பார்ப்பதும் கேட்பதும் பிள்ளைகள் வேலை. பிறகுதான் பிள்ளையாரைக் கும்பிடும் ஒரு குழந்தையின் கதை வரும். நுட்பம் அந்த இடத்தில்தான் இருக்கிறது: குமரனுக்கு அது தன் வீட்டுச் சாமி, பாத்திமாவுக்கு அது குமரன் வீட்டுச் சாமி. யாரும் யாரையும் கைகூப்பச் சொல்லவில்லை. கடைசியில், இதனால் தனக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் யோசிக்கும்.

 

இனி இதே வழியை நம் கோயில்களிலும் வைத்துப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள். உள்ளே நாம் என்ன செய்கிறோம்? ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலத்தில் தொடங்கி அரைமணி நேரம் பேசுகிறோம். ஏழு வயதுக் கண்கள் கற்பூரச் சுடரிலும் மணியின் நாக்கிலும் இருக்கின்றன. அடுத்த முறை பூசை நேரத்திலேயே அவர்களை அழைத்து வரலாம். மணி ஓயட்டும், திருநீற்றின் வாசனை மூக்கில் ஏறட்டும், கையில் ஆளுக்கொரு மோதகம் இருக்கட்டும். எலி எப்படி இவ்வளவு பாரம் தாங்கும் என்று யாராவது ஒரு சிறுமி கேட்பாள். கோயில் பொறுப்பாளர் அதற்குப் பிறகு வாய் திறந்தால் போதும்.