திரையில் தெரியும் தட்டச்சுப் பொறிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் திறனாய்வும் பேசப்படும் மேடையில் தட்டச்சுப் பொறியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் புன்முறுவல் பூத்தீர்கள். லோயர், ஹையர் தேர்வுகளுக்காக விரல் நோகத் தட்டியவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. அவர்களுக்குப் பொறி புதிதன்று. நான் பேச விரும்புவது வேறு. திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் ஓரிரு கணங்கள் தோன்றி மறையும் பழைய பொறியைப் பார்த்து, இது இன்ன நிறுவனத்தார் செய்தது, இன்ன வகை, இன்ன காலத்தது என்று இனங்காணும் கலை ஒன்று இருக்கிறது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் இதற்கென்றே கண்ணைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குத்தான். ஆயினும் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று அதில் ஒளிந்திருக்கிறது.

பொறியின் மேல் பெயர் பொறித்திருக்குமே, அதைப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். படப்பிடிப்பில் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடும். அல்லது கோணம் அமையாது. எனவே உருவத்தைப் படிக்கவேண்டும். பக்கவாட்டில் கண்ணாடிச் சன்னல் தெரிந்தால் அது ராயல் 10 ஆக இருக்கக்கூடும். முதற்காலப் பொறிகளில் பக்கத்திற்கு இரண்டு கண்ணாடிகள், பிற்காலத்தனவற்றில் ஒன்று. எழுத்துக் கம்பிகள் மூடியின்றி முன்புறம் விசிறிபோல் தெரிந்தால் அண்டர்வுட் 5 நினைவுக்கு வரவேண்டும். அதற்கும் முற்பட்ட ரெமிங்டன் பொறிகளில் எழுத்துகள் உருளையின் அடிப்புறத்தில் சென்று தாக்கின. தட்டுகிற வரி தட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. வண்டியைத் தூக்கித்தான் பார்க்கவேண்டும். ஆகவே 1880இல் நடக்கும் கதையில் ஒருவர் தட்டியபடியே தம் வரியைப் படிப்பாரானால், அரங்கப் பொருள் சேகரித்தவர் தவறிவிட்டார் என்று பொருள். தன் வரியைத் தானே பாராமல் எழுதும் பொறி! நம் புதுக்கவிதைகள் சில இன்றும் அதில்தான் எழுதப்படுகின்றனவோ என்று எனக்கு ஓர் ஐயம். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

பொறியின் பெயர் தெரிந்து ஆகப்போவது என்ன? பாத்திரத்தின் இயல்பு விளங்கும். 1984இல் தொடங்கிய 'மர்டர், ஷீ ரோட்' தொடரின் முகப்பில் ஆஞ்செலா லான்ஸ்பரி ஏற்று நடித்த எழுத்தாளர் ஜெசிக்கா பிளெட்சர், கரிய ராயல் கே.எம்.எம். பொறியில் தட்டுவார். அது 1930களின் இறுதியில் வந்த வகை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கைம்பெண், சிற்றூர்வாசி. உழைக்கிற பொருளை எறிய மனமில்லாதவர் என்பதை எந்த உரையாடலும் இன்றி அப்பொறி சொல்லிவிடுகிறது.

காலப்பிழையும் இப்படித்தான் அகப்படும். 'மேட் மென்' தொடரின் முதற்பகுதி 1960 மார்ச்சில் நடக்கிறது. புதிதாக வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு அலுவலகத்தின் மூத்த செயலாளர் தட்டச்சுப் பொறியின் உறையை நீக்கிக் காட்டுகிறார். மிரளவேண்டாம், பெண்களும் பயன்படுத்தத்தக்க எளிமையோடு செய்திருக்கிறார்கள் என்று தேற்றுகிறார். அது ஐ.பி.எம். செலக்ட்ரிக். எழுத்துக் கம்பிகளுக்கு மாற்றாக ஒரு சிறு பந்து சுழன்று அடிக்கும், வண்டி நகர்வதில்லை. அப்பொறி வெளியானதோ 1961 ஜூலை 31இல். பதினாறு மாதம் முந்திவிட்டது! இதைக் குற்றமாகச் சொல்வது சிறுமை என்று சிலர் கருதக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. அந்தக் காட்சியின் எள்ளல் முழுவதும் அப்பொறியின் மேல்தான் நிற்கிறது.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) வேறு கதை. அதில் நாவலாசிரியர் தட்டுவது ஜெர்மானிய ஆட்லர். படத்தின் முற்பகுதியில் வெளிர்நிறமாக இருக்கும் பொறி பின்னர்க் கருமை கூடித் தோன்றுகிறது. திட்டமா, கவனக் குறைவா என்ற வாதம் ஓயவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தாள்கட்டு. ஒரே வாக்கியத்தை உரைநடைபோலவும் செய்யுள்போலவும் நாடகம்போலவும் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார். வடிவம் மட்டும் எஞ்சி, பொருள் செத்துப்போன எழுத்து அது. வேற்றுமொழிப் பதிப்புகளுக்காக அந்தந்த மொழியின் பழமொழியைத் தட்டச்சு செய்து படமாக்கினார் குப்ரிக்.

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

பொறியை உருவத்தால் மட்டுமன்றி அது விட்டுச்செல்லும் எழுத்தாலும் இனங்காணலாம். 1891இல் கோனன் டாயில் எழுதிய கதையொன்றில் ஷெர்லாக் ஹோம்ஸ், ஓர் எழுத்தின் மங்கலையும் வேறோர் எழுத்தின் வால் தேய்வையும் கொண்டே கடிதம் தட்டிய வஞ்சகனைப் பிடித்துவிடுகிறார். படிக்கும்போது நாம் மகிழ்கிறோம். அதே கூரிய கண் அரசின் கையில் இருந்தால்?

2006இல் வெளிவந்த 'தாஸ் லேபென் தெர் ஆண்டெரென்' என்னும் ஜெர்மானியப் படம் இதைக் காட்டுகிறது. 'பிறரின் வாழ்க்கை' என்பது பெயரின் பொருள். இயக்கியவர் ஃப்ளோரியன் ஹெங்கெல் ஃபான் டொனர்ஸ்மார்க். (ஜெர்மானியப் பொறி நமக்கு அந்நியமன்று. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா 1930களில் வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில்தான் உருவாயிற்று.) கதை 1984இல் கிழக்கு பெர்லினில் தொடங்குகிறது. தம் நாட்டில் நேரும் தற்கொலைகளைப் பற்றி நாடகாசிரியர் டிரைமன் ஒரு கட்டுரை எழுதி மேற்கு ஜெர்மன் இதழுக்கு அனுப்பவேண்டும். சொந்தப் பொறியில் தட்டினால் ஷ்டாசி என்னும் உளவுத்துறை எழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுவிடும். எனவே கணக்கில் வராத பொறியொன்று கடத்திக் கொண்டுவரப்படுகிறது: க்ரோமா கோலிப்ரி. பறந்தபடியே தேன் பருகும் சின்னஞ்சிறு பறவையின் பெயர் அது. 1950களில் கிழக்கு ஜெர்மனியிலேயே செய்யப்பட்ட, மிகத் தட்டையான பொறி. அதனால்தான் வாசற்படிக் கட்டைக்கு அடியில் ஒளித்துவைக்க முடிகிறது. கிடைத்த ரிப்பனோ சிவப்பு.

கட்டுரை வெளியானதும் உளவுத்துறை நிபுணர் வருகிறார். எழுத்தமைப்பைக் கண்டு கோலிப்ரி என்கிறார். எந்த எழுத்தாளர் எந்தப் பொறி வைத்திருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். சேகரிப்பாளர்களின் அறிவுக்கும் அவருடைய அறிவுக்கும் அணுவளவும் வேறுபாடில்லை. இங்கே அது ஒருவரைச் சிறைக்கு அனுப்பும், அவ்வளவுதான். இது கற்பனைக் கதைக்குள் அடங்கிய அச்சமும் அன்று. ருமேனியாவில் 1983ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, தட்டச்சுப் பொறி வைத்திருப்போர் யாவரும் காவல்துறையில் பதிவுசெய்து எழுத்து மாதிரியை ஒப்படைக்கவேண்டும் என்று விதித்தது. கவிதை எழுதப்படும் முன்பே அதன் எழுத்துருவம் காவல் நிலையக் கோப்பில் ஏறிவிட்டது!

டிரைமன் தப்புகிறார், அவருடைய காதலி உயிரிழக்கிறாள். சோதனையிட வந்தவர்கள் கட்டையைப் பெயர்த்துப் பார்த்தபோது கீழே ஒன்றுமில்லை. பொறியை எடுத்தவர் யார் என்று அவருக்கு விளங்கவில்லை. 1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்த பின்னரே தம்மைப் பற்றிய கோப்புகளைப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. அவரை ஒட்டுக்கேட்டுவந்த அதிகாரி, உல்ரிஷ் மூஹே நடித்த பாத்திரம், தட்டி வைத்த கடைசி அறிக்கையின் அடியில் ஒரு சிவப்புக் கறை. ரிப்பன் மை பட்ட விரலின் தடம்.