வண்டியை யாரிடம் விடுவது?



கார் வாங்குவது ஒரு நாள் வேலை. அதனை நல்ல நிலையில் வைத்துக்கொள்வதோ பத்தாண்டு வேலை. வாங்கும்போது உற்றார் உறவினர் அனைவரையும் கலந்து ஆலோசிக்கின்றோம். பழுது நேர்ந்தால் யாரிடம் கொண்டு செல்வது என்பதை மட்டும் அவசரத்திலோ பழக்கத்திலோ அச்சத்திலோ முடிவு செய்துவிடுகின்றோம். கம்பெனியின் அதிகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திலே விடுவதா, அல்லது தெருமுனைப் பட்டறையிலே விடுவதா என்னும் கேள்வி நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழுகின்றது. இதைப் பற்றி நம் அனுபவத்தில் கண்டவற்றை இன்று எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் கோலார் தங்கவயல். பழுதுபார்க்கும் கலைக்கு அவ்வூர் புதியதன்று. 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்க வேலையை மேற்கொண்டனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் சாரிசாரியாக வந்து குடியேறின. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கியது. அத்துணை ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டும், கம்பி வடமும், நீரிறைக்கும் பம்பும் ஒரு கணம் தவறினாலும் உயிர்கள் போகும். எனவே அங்கே பிட்டர் வேலையும் கடைசல் வேலையும் வெறும் பிழைப்பாக இல்லாமல் பெரும் பொறுப்பாகவே கருதப்பட்டன. நம் தந்தையாரும் சுரங்கப் பணிமனையிலே பிட்டராக இருந்தவர்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. கைத்தொழில் கற்றவர்களுள் பலர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். சிலர் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சிறு பட்டறைகள் வைத்தனர். நாமும் பெங்களூரிலே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியிலே அமர்ந்தோம். பெற்றோரைக் காண ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் அடிக்கடி செல்ல வேண்டியிருந்ததால் சிறிய கார் ஒன்றும் வாங்கினோம்.

அக்கார் நமக்குக் கற்பித்த பாடங்கள் இரண்டு. முதற்பாடம் இது.

வண்டிக்கு ஆறாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. நகரத்திலுள்ள கம்பெனி நிலையம் ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். குளிர்பதன அறையில் அமர்த்தினார்கள், காப்பி கொடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது. முன்சக்கரங்கள் இரண்டிலும் டிஸ்க், பேடு, காலிப்பர் ஆகிய அனைத்தையும் மாற்ற வேண்டுமாம். செலவு 28,000 ரூபாய்க்கு மேல். காரணம் கேட்டோம். “கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது” என்றார் மேசையில் இருந்த இளைஞர். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் யார் என்று வினவினோம். அதற்கு விடை கிடைக்கவில்லை.

வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு ஊர் சேர்ந்தோம். தந்தையார் நம்மைத் தமக்குத் தெரிந்த பட்டறைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மெக்கானிக் நம் கண்ணெதிரே சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்குத் துணையாக இருக்கும் பின் ஒன்று கிரீஸ் வற்றித் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதனால் ஒரு பக்கத்துப் பேடு மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. தந்தையார் தமது பழைய வெர்னியர் அளவுகோலை எடுத்து டிஸ்க்கின் கனத்தை அளந்தார். எந்த அளவுக்குக் கீழே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்பது அதன் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இரு டிஸ்க்குகளும் அவ்வளவுக்கு மேலேயே இருந்தன. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் இட்டு, பேடுகளை மட்டும் மாற்றினார்கள். மொத்தச் செலவு 2,900 ரூபாய்.

இதோடு பேச்சை முடித்துக்கொண்டால், பட்டறைதான் சிறந்தது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடும். எனவே இரண்டாம் பாடத்தையும் சொல்லியாக வேண்டும்.

மறு ஆண்டு காரின் முகப்பிலே ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. நாம் குடியிருக்கும் பகுதியிலே ஒரு பட்டறை உண்டு. அதன் உரிமையாளர் தமிழர். நம் பக்கத்து மாவட்டத்துக்காரர். வெளியூரிலே தாய்மொழி காதில் விழுந்தால் மனம் இளகுவது இயல்பே. அந்த இளக்கத்திலே வண்டியை அவரிடம் விட்டோம். மாலைக்குள் விளக்கு அணைந்துவிட்டது. 500 ரூபாய் பெற்றுக்கொண்டார். நாமும் மகிழ்ந்தோம். நாள்தோறும் அவ்வண்டியில் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர் நம் மனைவியார்.

சில மாதங்கள் கழித்துத் தந்தையார் நம் வீட்டுக்கு வந்திருந்தார். வண்டியில் அமர்ந்து சாவியைத் திருப்பியவர், “அந்த விளக்கு ஏன் ஒரு விநாடிகூட எரியவில்லை?” என்று கேட்டார். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கு அதுவே அடையாளம். நம் வண்டியிலோ அது எரியவே இல்லை. கம்பெனி நிலையம் ஒன்றுக்குக் கொண்டு சென்று அவர்களுடைய கருவியால் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டு செல்லும் சுருள் நாடா அறுந்திருந்தது. பட்டறைக்காரர் அதனைத் தொடவே இல்லை. விளக்கின் இணைப்பை மட்டும் துண்டித்திருந்தார். அத்தனை மாதங்களும் ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் விரியாத நிலையிலேதான் நம் குடும்பத்தார் சென்று வந்திருக்கின்றார்கள். இதனை அறிந்த அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஓரிடத்தில் தேவையற்றதை மாற்றச் சொன்னார்கள். மற்றோரிடத்தில் தேவையானதை மறைத்தார்கள். இரண்டுக்கும் காரணம் நம்மிடமும் உண்டு. முதலிடத்தில் பெயர்ப்பலகையையும், இரண்டாமிடத்தில் பேச்சு மொழியையும் பார்த்துப் போனோமேயன்றி, வேலையைப் பார்த்துப் போகவில்லை. ஆகவே, ‘கம்பெனியா, பட்டறையா?’ என்று கேட்பதை விட்டு, ‘இந்த வேலைக்கு எவர்?’ என்று கேட்கப் பழகுதல் நலம்.

வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உத்தரவாதக் காலத்துக்குள் வரும் பழுதுகளும், உற்பத்தியில் குறை கண்டு நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செய்து தரும் திருத்தங்களும் முதல் வகை. இவற்றுக்குக் கம்பெனி நிலையமே தக்க இடம், செலவு அவர்களுடையது. ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, எஞ்சினை ஆளும் கணினி முதலியவை இரண்டாம் வகை. எஞ்சின் பழுதுகளின் குறியீட்டெண்ணைப் படிக்கும் பொதுக்கருவி இன்று நல்ல பட்டறைகளிலும் உண்டு. ஆனால் எண்ணைப் படிப்பது வேறு. அந்நிறுவனத்துக்கே உரிய கருவியால் அமைப்பைச் சோதித்துச் சீர்படுத்துவது வேறு. அக்கருவியும் பயிற்சியும் உள்ளவரிடமே இவ்வேலையை விட வேண்டும். மூன்றாம் வகை தேய்மானம் பற்றியது. எண்ணெய், வடிகட்டி, பிரேக் பேடு, கிளட்ச், பேட்டரி, சக்கரத் தாங்கி ஆகியவற்றைத் திறமையும் நேர்மையும் உள்ள பட்டறைக்காரர் எவரும் செம்மையாகச் செய்து தருவார். கூலியும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

உதிரிப் பாகங்களைப் பற்றியும் ஓர் ஐயம் எழும். கம்பெனிப் பெட்டியில் வருவது மட்டுமே அசல் என்று பலர் எண்ணுகின்றனர். கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. சென்னையை அடுத்த பாடியிலே லூகாஸ் டி.வி.எஸ். 1961இலும் பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தோன்றியது இத்தகைய பாகங்களைச் செய்து தருவதற்காகவே. இவ்வாறு பாகம் செய்பவர்கள் பலர் தம் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றார்கள். விலை குறைவாகவும் இருக்கலாம். நாம் அஞ்ச வேண்டியது போலிப் பாகத்துக்கே. ஆகவே பெயர் பெற்ற கடையிலே ரசீதுடன் நாமே வாங்கிக் கொடுப்பது நன்று. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நன்று. மாற்றப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

வெளியே வேலை செய்தால் உத்தரவாதம் முழுவதும் போய்விடும் என்னும் அச்சம் பலருக்கும் உண்டு. இது பற்றி இந்தியப் போட்டி ஆணையத்தின் ஆணை ஒன்று குறிப்பிடத்தக்கது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தமைக்காக, அவ்வாணையம் 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை அடியோடு நீக்கும் நிபந்தனை கூடாது என்றும், அங்கே நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே நீக்கலாம் என்றும் அது பணித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. அவற்றுள் மூன்று நிறுவனங்கள் தொடுத்த முறையீட்டில் 2016இல் அபராதத் தொகை குறைக்கப்பட்டது. வழக்கின் போக்கு எவ்வாறாயினும், வண்டியோடு தரப்படும் உத்தரவாத நூலை நாமே படித்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

அதனைப் படிக்கும் முறையைப் பற்றி, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். ‘செய்தல் வேண்டும்’ என்பதும் ‘செய்வது நன்று எனப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதும் ஒன்றல்ல. முன்னதைத் தவறினால் நம் உரிமை போகலாம், பின்னது அறிவுரை. மேசைக்கு அப்பால் இருப்பவர் பல வேளைகளில் அறிவுரையையும் கட்டளைபோலவே சொல்கின்றார். அதுபோலவே, ‘அதிகாரம் பெற்றவர்’ என்பதற்குத் ‘திறமை பெற்றவர்’ என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ‘அதிகாரம் பெறாதவர்’ என்பதற்குத் ‘திறமையற்றவர்’ என்றும் பொருளில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. வண்டியை விடும்போது நீட்டப்படும் ஜாப் கார்டு ஆங்கிலத்திலோ உள்ளூர் மொழியிலோ இருக்கும். கூச்சத்தினால் படிக்காமல் கையொப்பமிடுவோர் பலர். தெரியாத மொழியாயின், உடன் பணிபுரிபவரையோ பக்கத்து வீட்டாரையோ படித்துச் சொல்லச் சொல்வதில் இழிவில்லை. என்ன வேலை, என்ன பாகம், எவ்வளவு கூலி, கூடுதல் வேலைக்கு நம் சம்மதம் கேட்கப்படுமா என்னும் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டறையிலும் ஒரு துண்டுத்தாளிலேனும் இவற்றை எழுதி வாங்குங்கள். விபத்தில் சேதமடைந்த வண்டியாயின், கை வைப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

அதற்கும் மேலே ஏமாற்றம் நேர்ந்தால் வழியில்லாமற் போகவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

இப்போது நாம் என்ன செய்கின்றோம் என்று கேட்பீர்கள். எண்ணெய் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் தங்கவயல் பட்டறையிலே. ஏர்பேக், கணினி வேலையெல்லாம் கம்பெனி நிலையத்திலே. இரண்டு இடத்து ரசீதுகளும் ஒரே கோப்பில் உள்ளன. விளக்கைத் துண்டித்த அந்தப் பட்டறைக்காரரிடமும் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் தலைகுனிந்து, “தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன்” என்றார்.

தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பட்டறைக்காரர் ஒருவர் உங்கள் ஊரிலே இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள். கழற்றிக் காட்டிக் காரணம் சொல்லும் கம்பெனி நிலையம் ஒன்று இருந்தால் அதனையும் விட்டுவிடாதீர்கள். எங்கே விட்டாலும், வண்டியைத் திரும்பப் பெறும்போது சாவியைத் திருப்பி, விளக்குகள் யாவும் எரிந்து அணைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.